ஐந்து மீட்டர் கேபிள்

சுல்மா இரிகோஜென் அந்தச் சின்ன சீனக் காரை வாங்கியது மே மாதக் கடைசியில். கோடைக்கு வந்தவர்கள் எல்லாரும் எப்போதோ கிளம்பிப் போய், லாஸ் கலாந்திரியாஸ் கடற்கரை வீடுகளின் ஜன்னல் பலகைகளைச் சாத்தியாகியிருந்தது. ஜனவரிக் கோடையில் நடக்க இடமில்லாத எங்கள் ஊரில் குளிர்காலத்தில் நூறு பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் வெளியே தலைகாட்ட மாட்டார்கள்.

பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் சுல்மாவின் வேலை. எல்லாம் தலைநகரான மொந்தெவிதேயோக்காரர்களின் வீடுகள். காலையில் சாவிக் கொத்தோடு கிளம்புவாள். கூரை ஒழுகுகிறதா, பூட்டை யாராவது நெம்பினார்களா, எலி புகுந்ததா என்று பார்ப்பாள். வாரத்துக்கு ஒரு நாள் எல்லா வீட்டிலும் ஜன்னலைத் திறந்து காற்று விடுவாள். வயது ஐம்பத்தொன்பது. எல்லை ஊரான சூய்க்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. அதைப் பற்றி இப்போது ஊரிலும் யாரும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை.

ஏப்ரலில் மணல் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர், இனிமேல் இரண்டு சக்கரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கார். விலை குறைந்த மின்சாரக் கார் ஒன்று வந்திருக்கிறது, மாதத் தவணை பெட்ரோல் செலவைவிடக் குறைவு என்று பலசரக்குக் கடை மாபெல் சொன்னாள். மாபெலின் கடைதான் குளிர்காலத்தில் திறந்திருக்கும் ஒரே கடை. அன்றைக்கு அங்கே மெழுகுவர்த்தி வாங்க வந்திருந்த பெரியவர் தோன் அன்செல்மோ இதைக் கேட்டுவிட்டு, "மிக்ஸிக்குள்ள உக்காந்து போறதுக்கு இவ்வளவு விலையா?" என்றார். மாபெல் சிரித்தாள். சுல்மாவும் சிரித்தாள், ஆனால் அது மனதில் தங்கிவிட்டது.

ரோச்சா நகரத்தில் காரைக் கொடுத்தபோது சாவியோடு ஒரு துணிப்பையும் கொடுத்தார்கள். பைக்குள் ஒரு கேபிள். ஒரு முனை காருக்கு, ஒரு முனை வீட்டு பிளக்குக்கு, நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. வீட்டுக்கு வந்து அதைச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு பிளக்கில் சொருகினாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கி இன்னொரு பிளக்கில் சொருகினாள். அங்கேயும் சிவப்பு. ரோச்சாவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் வால்டெமாருக்கு போன் செய்தாள்.

"அது சரியாத்தான் சொல்லுது. உங்க வீட்டுல எர்த் கிடையாது. மரவீடு, அறுபதுகள்ல கட்டினது. செம்புக் கம்பி ஒண்ணு மண்ணுல அடிக்கணும், வயர் மாத்தணும்."

"எப்ப வர்றீங்க?"

"அங்க இன்னும் நாலஞ்சு வேலை சேரட்டும். ஒரு வேலைக்காக அவ்வளவு தூரம் வந்தா எனக்குக் கட்டாது."

குளிர்காலத்தில் நாலைந்து வேலை சேராது என்பது இருவருக்கும் தெரியும்.

மிச்சமிருந்தது சதுக்கத்தில், மூடிக் கிடந்த ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் நிற்கும் பொதுச் சார்ஜிங் கம்பம். அதில் கேபிள் கிடையாது. வெறும் துளைதான், கேபிளை நாம் கொண்டுபோக வேண்டும். அது வேறு கேபிள், தனியாக வாங்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்து மீட்டர், கட்டைவிரல் பருமன், ஆரஞ்சு நிறம். பஸ் பார்சலில் வந்தது. குளிரில் அது விறைத்து, சுருட்டினால் சுருளாது. முதல் நாள் அதைக் காரின் பின்பெட்டியில் மடக்கி வைக்க அவள் ஒரு மிருகத்தோடு மல்லுக்கட்டுவது போல மல்லுக்கட்டினாள்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை கம்பத்துக்குப் போவாள். மூன்று மணி நேரம், சில நாள் நாலு. காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். சதுக்கத்தில் காற்றைத் தவிர யாரும் குறுக்கே வருவதில்லை. அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, நாடு முழுக்க முந்நூறு பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் 'முதல் அபிப்பிராயம்' எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். எல்லாரும் மூன்று வரி எழுதிவிட்டுப் போவார்கள். சுல்மாவுக்கு நேரம் இருந்தது.

"ஆறாம் நாள்," என்று எழுதினாள். "ஹீட்டர் போட்டால் முப்பது கிலோமீட்டர் காணாமல் போகிறது. அதனால் முழங்காலில் போர்வை போட்டுக்கொள்கிறேன். ஸ்டீயரிங் லேசு. மணிக்கட்டு வலிக்கவில்லை. கருவிப் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்தால் ஆள் என்று நினைத்து பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது. பெட்டிக்கு பெல்ட் போட்டுவிட்டேன். பின் சீட்டில் இதுவரை யாரும் உட்காரவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை."

இருபத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், டயர் காற்று முப்பத்தாறு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"பதினொன்றாம் நாள். சத்தமே இல்லை என்று எல்லாரும் சொல்கிறீர்கள், உண்மைதான். மணலில் டயர் போகிற சத்தம் கேட்கிறது. கடல் கேட்கிறது. முன்பெல்லாம் வண்டியை நிறுத்தினால்தான் கடல் கேட்கும்."

அதற்கும் கட்டைவிரல்கள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு யார் யார் என்று பார்ப்பாள்.

அவள் குழுவில் எழுதாத ஒன்று உண்டு. அது தோன் அன்செல்மோ.

அவர் ஊரின் வடக்குக் கோடியில், பைன் மரங்களுக்கு நடுவே, வருஷம் முழுக்க இருப்பவர். எழுபத்தொன்பது வயது. சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மரத்துக்கு மரம் கம்பி இழுத்துக் கட்டி, கொட்டகையில் ரேடியோ வைத்துக்கொண்டு எங்கெங்கோ இருப்பவர்களோடு பேசுவார். அவர் வீடு சுல்மாவின் பட்டியலில் இல்லை. ஆனால் அவள் வழியில் இருந்தது. பதினோரு வருஷமாகக் காலையில் அவளுடைய மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் திரும்பியதும் அவர் மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வேலிக் கதவுக்கு வந்துவிடுவார். அவள் இன்ஜினை அணைப்பாள். அவர் கசப்பாக ஒன்று ஊற்றிக் கொடுப்பார், உலோகக் குழாயில் உறிஞ்சிக் குடிப்பாள். காற்று எந்தப் பக்கம், யார் வீட்டில் ஓடு பறந்தது, இரண்டு வார்த்தை. பத்து நிமிஷம். ஒரு நாள்கூட அவள் வேலிக்கு உள்ளே போனதில்லை, அவர் வெளியே வந்ததில்லை.

கார் வந்த முதல் காலை சுல்மா திருப்பத்தில் மெதுவாகத் திரும்பினாள். வேலிக் கதவில் யாரும் இல்லை. நிறுத்தி ஒரு நிமிஷம் பார்த்தாள். கொட்டகையின் தகரக் குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஹார்ன் அடிக்கலாமா என்று நினைத்தாள். காஸ் சிலிண்டர்க்காரன்தான் ஒருவர் வீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பான். போய்விட்டாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுக்கு மிக்ஸி ஞாபகம் வந்தது. சரி, பிடிக்கவில்லை போலிருக்கிறது, மனிதருக்கு வயதானால் இப்படித்தான் என்று நினைத்தாள். நான்காம் நாள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு வேறு பாதையில் போகத் தொடங்கினாள், இரண்டு கிலோமீட்டர் சுற்று.

ஜூன் கடைசியில் குழுவில் ஒருவன் அவளுக்குத் தனியாக எழுதினான். பெயர் ஃபாப்ரீசியோ, ட்ரெய்ன்தா இ த்ரேஸ் ஊர்க்காரன், விற்பனை வேலை. பிரேசிலுக்குப் போகிற வழி. அவனுடைய கம்பக் கேபிளை யாரோ திருடிவிட்டார்கள். உங்கள் ஊர்க் கம்பத்தில் போட்டுக்கொள்ள உங்கள் கேபிளை இரவல் தருவீர்களா, நீங்கள் எழுதுவதை எல்லாம் படிக்கிறேன், ரொம்ப நன்றாக இருக்கிறது.

கடைசி வரியை சுல்மா இரண்டு தடவை படித்தாள்.

அவன் வருகிற வியாழக்கிழமை மழை. மழை பெய்தால் எங்கள் பக்கம் தோர்த்தா ஃப்ரீத்தா பொரிக்காமல் இருக்க முடியாது. மாவைத் தட்டி நடுவில் ஓட்டை போட்டு மாட்டுக் கொழுப்பில் பொரித்து, ஒரு தட்டு நிறைய அடுக்கி, மேலே துணி மூடிக் காருக்குள் வைத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போனாள். ஃபாப்ரீசியோவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பையன்தான். கன்னத்தில் முத்தம் கொடுத்து வணக்கம் சொன்னான். கேபிளை மாட்டினான். இரண்டு பண்டம் எடுத்துக்கொண்டான்.

"அருமையா இருக்கு. எங்க அம்மா கூட இப்படித்தான் பண்ணுவாங்க."

"இன்னும் எடுத்துக்கோங்க. வீடு பக்கத்துலதான், மாத்தே போட்டுக் குடிக்கலாம். மூணு மணி நேரம் ஆகும்ல."

"ஐயோ, வேணாம்மா. எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. இங்கயே உக்காந்து போன்ல பேசிடறேன்."

அவன் தன் காருக்குள் உட்கார்ந்தான். கண்ணாடி ஏறியது. சுல்மா தன் காருக்குள் உட்கார்ந்தாள். மழைக்கு நடுவே அவன் வாய் அசைவது தெரிந்தது, சிரிப்பது தெரிந்தது. ஒரு தடவை கழிவறைக்காக அவள் வீட்டுக்கு வந்தான். வைஃபை பாஸ்வேர்டு கேட்டான், சொன்னாள். பின் சுவரில் தொங்கிய சாவிக் கொத்துகளைப் பார்த்து, "இவ்வளவு வீடா?" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மூன்றே கால் மணிக்கு, மழையில் ஓடிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கிப் பின்பெட்டியில் போட்டு, கையசைத்துக் கிளம்பிவிட்டான். தட்டில் ஒன்பது மிச்சம். மாலையில் மாபெலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் காலைதான் அவள் பின்பெட்டியைத் திறந்தாள். கேபிள் இல்லை. அதே நேரத்தில் போனில் ஒரு செய்தி. "சுல்மா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. என்னோடதுன்னு பழக்கத்துல உங்க கேபிளையும் எடுத்துப் போட்டுட்டேன். இப்ப போர்ட்டோ அலெக்ரேல இருக்கேன். பத்து நாள்ல திரும்பறப்ப கண்டிப்பா அனுப்பிடறேன்." அழுகிற முகம் மூன்று போட்டிருந்தான்.

காரில் பத்தொன்பது சதவீதம் இருந்தது. எங்கும் போகவில்லை என்றாலும் நிற்க நிற்கக் குளிரில் ஒன்றிரண்டு குறையும். சுல்மா காரை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போய், பாதி வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு மாபெல் கடைக்கு வந்தாள்.

"வால்டெமாருக்கு மறுபடி போன் பண்ணினேன். எடுக்கவே மாட்டேங்கறான்," என்றாள்.

மாபெல் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, "இந்த ஊர்ல எர்த் ஒழுங்கா இருக்கறது ஒரே ஒரு எடம்தான்டி. அன்செல்மோ கொட்டகை. ரேடியோவுக்காக எத்தனை கம்பி அடிச்சு வெச்சிருக்காரு தெரியுமா?" என்றாள்.

"அவர்கிட்ட நான் போகல."

"ஏன், என்ன சண்டை?"

"சண்டை எல்லாம் இல்ல. அவருக்கு என் கார் புடிக்கல. நான் போனா வெளியவே வர்றதில்ல."

மாபெல் ரொட்டியை மேஜையில் வைத்தாள். "கொஞ்சம் இரு. அந்த மனுஷன் மூணு வாரமா இங்க வந்து உன்னைப் பத்தியே கேட்டுட்டு இருக்காரு. கை மறுபடி ஒடஞ்சிடுச்சா, மொந்தெவிதேயோவுக்கே போயிட்டாளா, ஏன் காலையில வர்றதில்லன்னு. நான், எங்கயும் போகல, நல்லாத்தான் சுத்திட்டு இருக்கான்னு சொன்னேன். அப்படியான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு மூஞ்சியே சரியில்ல."

சுல்மா ரொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமும் அவர் உள்ளே இன்ஜின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவள் முதல் மூன்று நாளும் வேலிக்கு வெளியே, ஓசை இல்லாமல், நின்று நின்று போயிருக்கிறாள். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள அவள் ஒரு கதவைத் தட்டியிருந்தால் போதும். ஆனால் பதினோரு வருஷத்தில் தட்டியதே இல்லையே. தட்டினால், தேவைப்பட்டு வந்த மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு எப்போதும் ஒரு கூச்சம். இப்போது தேவைப்பட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்குக் காரை வேலிக் கதவுக்கு ஒட்டி நிறுத்தினாள். இறங்கி, கதவைத் திறந்து, பைன் ஊசிகள் மேல் நடந்து போய் கொட்டகைக் கதவைத் தட்டினாள்.

தோன் அன்செல்மோ திறந்தார். கழுத்தில் காது போன் தொங்கியது. அவளைப் பார்த்தார், அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நடந்தா வந்தீங்க?" என்றார்.

"இல்ல. கார்ல."

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். முன்னாடியும் வந்தேன், தோன் அன்செல்மோ. முதல் மூணு நாளும் வந்து நின்னேன். நீங்க வெளிய வரல."

அவர் காது போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டே இருந்தார், ஒயரைச் சுற்றினார், பிரித்தார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல," என்றார்.

"கேக்காதுதான். அது சத்தமே போடாது."

"நான் கார் வந்ததும் இந்தம்மாவுக்குப் பெரிய மனுஷத்தனம் வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

"நான், உங்களுக்கு மிக்ஸிக்காரங்களைப் புடிக்கலன்னு நினைச்சேன்."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கழுத்து வரை சிவந்தார். "அதையெல்லாமா மனசுல வெச்சுக்குவாங்க?"

"வெச்சுக்கிட்டேன்."

பிறகு அவள் கேபிள் கதையைச் சொன்னாள். அவர் கொட்டகைச் சுவரில் இருந்த பெரிய பிளக்கைக் காட்டினார். காரை உள்ளே கொண்டுவந்து, செங்கல் பெட்டிக் கேபிளை மாட்டினார்கள். விளக்கு ஒரு விநாடி யோசித்துவிட்டுப் பச்சையாக எரிந்தது. சுல்மா தன்னை அறியாமல் பெருமூச்சு விட்டாள். அதே விநாடி ரேடியோவிலிருந்து பெரிய இரைச்சல் வந்தது, தேனீக் கூட்டைக் கலைத்த மாதிரி. அவர் திருகினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இரைச்சல் போகவில்லை.

"பத்து மணிக்குப் பராகுவேக்காரன் ஒருத்தன் வருவான். எங்கர்னாசியோன் ஊர்க்காரன். பதிமூணு வருஷமா தினமும் பேசறோம்," என்றார். "உங்க கார் பராகுவேயை முழுங்கிடுச்சு."

"அப்ப பிடுங்கிடறேன். மத்தியானம் வர்றேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். அவன் சொல்றது எல்லாம் முட்டி வலிதான். நாளைக்கும் வலிக்கும்." ரேடியோவை அணைத்துவிட்டு பிளாஸ்க்கைத் தேடினார்.

சுவர் பிளக்கில் கார் நிரம்பப் பகல் முழுக்க ஆகும். அவள் பக்கத்து வீடுகளை நடந்தே பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் அவர் அடுப்பு மேல் தண்ணீர் வைப்பார். பத்து நிமிஷம் நின்று பேசிப் பழகியவர்களுக்கு உட்கார்ந்து பேச முதலில் வரவில்லை. அவர் கப்பலில் கேட்ட ஒரு விபத்துச் செய்தியைச் சொன்னார், பாதியில் நிறுத்தினார். அவள் சூய்க்குப் போன புருஷனைப் பற்றிச் சொன்னாள். இருபது வருஷத்தில் முதல் தடவை.

"இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

"அங்கதான். டயர் கடை வெச்சிருக்கான்னு சொன்னாங்க."

"டயருக்கு என்ன காத்து வெக்கச் சொன்னாங்க உங்க காருக்கு?"

"முப்பத்தாறு."

"அவன்கிட்ட போய்க் கேக்காதீங்க," என்றார். சுல்மா சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே விநோதமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, சொன்னபடியே ஃபாப்ரீசியோ கேபிளை அனுப்பிவிட்டான். சூயிலிருந்து வரும் பஸ்ஸில் மாபெல் கடைக்குப் பார்சல் வந்தது. கூடவே ஒரு பெட்டி பிரேசில் மிட்டாயும் மன்னிப்புக் கடிதமும். சுல்மா கேபிளைப் பின்பெட்டியில் போட்டு மேலே பழைய போர்வையை விரித்தாள். மூன்றாம் நாள் காலை வழக்கம்போலக் கொட்டகைக்குப் போனாள்.

"அந்தப் பையன் இன்னும் அனுப்பலையா?" என்று தோன் அன்செல்மோ கேட்டார்.

"இன்னும் இல்ல."

"இந்தக் காலத்துப் பசங்க," என்றார். ஃபாப்ரீசியோவின் மேல் பழி விழுந்தது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

மாபெலை ஏமாற்ற முடியவில்லை. "கேபிள்தான் வந்துடுச்சே. உன் கார் இன்னும் எதுக்கு அங்கயே நிக்குது?"

"அங்க எர்த் நல்லா இருக்கு."

"எர்த்தா," என்றாள் மாபெல். "சரி சரி."

ஜூலை நடுவில் ஒரு நாள் அவர் தண்ணீர் வைக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரவு கொட்டகைப் படியில் விழுந்துவிட்டார், இடுப்பு வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் மால்தொனாதோவில் இருக்கும் அவருடைய தங்கை மகள் ஐவோன் போனிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். அவள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. மாதக் கடைசிச் சனிக்கிழமை.

"எத்தனை நாளைக்கு?" என்று சுல்மா கேட்டாள்.

"குளிர் போற வரைக்கும்னு சொல்றா." அவர் இடுப்பைத் தடவிக்கொண்டார். "அதை அவளும் நம்பல, நானும் நம்பல."

"யார் கூட்டிட்டுப் போறா?"

"அவ புருஷன் வர்றேன்னிருக்கான். அவனுக்குச் சனிக்கிழமை வேலை. மூஞ்சியைத் தூக்கிட்டு வருவான்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"நூத்திப் பதினஞ்சு கிலோமீட்டர். இந்த மிக்ஸி போகுமா?"

"போகும். திரும்பி வர்றதுதான் கொஞ்சம் கஷ்டம்."

சனிக்கிழமை காலை அவள் காரைக் கொட்டகை வாசலுக்குப் பின்பக்கமாகக் கொண்டுவந்தாள். ஒரு சூட்கேஸ், ஒரு போர்வை மூட்டை, செய்தித்தாளில் சுற்றிய ஒரு ரேடியோ. மற்ற ரேடியோக்களை விட்டுவிட்டார். கம்பியும் மரங்களுக்கு நடுவே அப்படியே இருக்கட்டும் என்றார். அவள் சூட்கேஸைத் தூக்க உள்ளே போன நேரத்தில், அவர் ஒரு கையில் தடியை ஊன்றிக்கொண்டு பின்பெட்டியைத் திறந்து பழைய போர்வையை ஒதுக்கினார். சுல்மா திரும்பி வந்தபோது ஆரஞ்சுக் கேபிளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வந்தது?"

"இந்த மாசம் எட்டாம் தேதி," என்றாள். கன்னம் சுட்டது.

அவர் தலையை ஆட்டினார். குனிந்து கேபிளை ஓரமாக நகர்த்தி, காலியான இடத்தில் ரேடியோவை வைத்து, அது ஆடாமல் இருக்கக் கேபிளின் ஒரு சுற்றைச் சுற்றிலும் முட்டுக் கொடுத்தார். "நல்ல மெத்தை," என்றார்.

அன்றைக்கு அவள் ஹீட்டர் போட்டாள். கருவிப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் பெல்ட் மாட்டிக்கொண்டார். ஒன்பதாம் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் பனி உருகாத புல்வெளி, மாடுகள், யூகலிப்டஸ் வரிசைகள்.

"உள்ள உக்காந்தா எல்லாம் கேக்குது," என்றார் ஒரு இடத்தில். "நீங்க மூச்சு விடறது கூட."

"தொந்தரவா இருக்கா?"

"இல்ல. கப்பல்ல இன்ஜின் நின்னா இப்படித்தான் இருக்கும். எல்லாரும் முழிச்சுக்குவோம்."

மால்தொனாதோவில் ஐவோன் வீடு மூன்றாம் மாடி. சுத்தமான வீடு. ஐவோன் நல்லவள்தான், சோறு தயாராக வைத்திருந்தாள், அவர் அறையில் புதுத் தலையணை போட்டிருந்தாள். அவர் நேரே ஜன்னலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தார்.

"இங்கேர்ந்து கீழ வரைக்கும் ஒரு கம்பி விடலாம்," என்றார்.

"மாமா, இந்தக் கட்டடத்துல வெளிய எதுவும் மாட்டக் கூடாது. ஏசி மாட்டவே நாங்க எட்டு மாசம் சண்டை போட்டோம். முதல்ல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். ரேடியோவைச் செய்தித்தாளோடு மடியில் வைத்துக்கொண்டார்.

சுல்மா சாப்பிட்டாள். கிளம்பும்போது அவர் தடியோடு லிஃப்ட் வரை வந்தார்.

"எவ்வளவு இருக்கு வண்டில?"

"நாப்பத்தி ஆறு."

"பத்தாதே."

"சான் கார்லோஸ்ல போட்டுக்குவேன்."

அவர் கையை நீட்டினார். பதினோரு வருஷத்தில் அவர்கள் கை கொடுத்துக்கொண்டதில்லை, குடுவையைத்தான் கை மாற்றியிருக்கிறார்கள். கை குளிர்ந்து, லேசாக இருந்தது. லிஃப்ட் கதவு இடையில் வந்து மூடியது. கீழே இறங்கும்போது சுல்மா பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று, இரண்டு, ஒன்று. காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. சத்தமில்லாத கார், ஜன்னலும் மூடியிருந்தது. யாருக்கும் தெரியாது.

சான் கார்லோஸில் கம்பம் தேவாலயத்துக்கு எதிரே இருந்தது. மத்தியானத் தூக்க நேரம், கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அவள் கேபிளை மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். அவளுடையதைப் போலவே ஒரு கார், வெள்ளை நிறம், பின்னால் வந்து நின்றது. ஐம்பது வயது மனிதர் ஒருவர் இறங்கி, கம்பத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"இன்னும் நாப்பது நிமிஷம்."

"பரவால்ல, அவசரம் இல்ல."

அவர் திரும்பிப் போய்த் தன் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினார். சுல்மா பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். போன் எதுவும் எடுக்கவில்லை. ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் பிளாஸ்க்கையும் குடுவையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்தினாள். நான்கு அடி நடந்தாள். பாதியில் திரும்பிவிடலாமா என்றிருந்தது. விரலை மடக்கி அவர் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி பாதி இறங்கியது.

"மாத்தே குடிக்கிறீங்களா? தண்ணி இன்னும் சூடா இருக்கு."

"எனக்கு வயித்துப் புண்ணு," என்றார் அவர். "டாக்டர் விடல."

"ஓ. சரி."

"இருங்க," என்றார். கதவைத் திறந்து இறங்கி, கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். அவள் தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தாள். குளிரில் கேபிள் விறைப்பதைப் பற்றிப் பேசினார்கள். அவர் தன்னுடையதைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடுவாராம், அப்போது சுருளுமாம். ஹீட்டரைவிட சீட்டுக்கு அடியில் வெந்நீர்ப் பை நல்லது என்றார். அவர் எங்கிருந்து வருகிறார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பேச்சு தீர்ந்த பிறகும் இரண்டு பேரும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள்.

எழுபத்திரண்டு சதவீதம் ஆனதும் அவள் பிடுங்கிவிட்டாள். எழுபத்தைந்து வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் கேபிளைச் சுருட்டக் கை கொடுத்தார்.

ரோச்சாவைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஹீட்டர் போடாமல், முழங்காலில் போர்வையோடு, ஐந்தரை மணிக்கு ஊர் வந்து சேர்ந்தாள். தோன் அன்செல்மோ தன் வீட்டுத் தண்ணீர்க் குழாயை அடைக்கச் சொல்லியிருந்தார். வெளிச்சம் போவதற்குள் போய் அடைத்தாள். ஜன்னல் பலகைகளைச் சாத்தினாள். கொக்கி ஒன்று துருப்பிடித்து மாட்டவில்லை. திங்கட்கிழமை எண்ணெய் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.